உள்ளே போகிற காற்று

"அப்போ அந்தச் சிவப்பு லைட்டு உங்க கையில மட்டும்தான் வருது."

"என் கையிலன்னா என்ன அர்த்தம்?"

"நீங்க ஓட்டும்போது. மத்தவர் ஓட்டும்போது வரல. நான் புதுசா ஒண்ணும் சொல்லலியே, நீங்க சொன்னதத்தான் திருப்பிச் சொல்றேன்."

"நீங்க திருப்பிச் சொல்றப்போ வேற மாதிரி கேக்குது."

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. சர்வீஸ்காரம்மா மண்டியிட்டுத் தலையை இன்ஜினுக்குள் விட்டிருந்தார். வெளியே தெரிந்ததெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு முதுகும் இரண்டு ஷூக்களும்தான். உள்ளிருந்து வந்த அவர் குரலில் தகரத்தின் ஒலி கலந்திருந்தது. வண்டியே வாய் திறந்து தன்னை விசாரிப்பதுபோல நெட்டையனுக்குப் பட்டது.

ஆள் பனைமர உயரம் என்பதால் வேலையிடத்தில் எல்லோருக்கும் அவன் நெட்டையன்தான். அவன் ஓட்டியதோ முன்னால் வாளி வைத்துக் கல்லும் மண்ணும் அள்ளுகிற ஒரு குட்டி லோடர். அதற்குள் அவன் ஏறி உட்கார்வதைப் பார்த்தால் மடக்குக் குடையைச் சுருக்கி உறைக்குள் திணிப்பதுபோல இருக்கும் என்று இடிபாட்டிலிருந்து கம்பி பிரிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த இடத்துக்கு அந்த வண்டிதான் சரி. அது பழைய பஞ்சுக் கிடங்கு. வெளிச்சுவர்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருந்த தடுப்புகளையும் மேடைகளையும் மட்டும் உடைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசல் அகலத்துக்குப் பெரிய வண்டி எதுவும் நுழையாது. ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. மின்சாரத்தை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். லோடரின் விளக்குகள்தான் உள்ளே வெளிச்சம். அதனால் லாரி வந்தாலும் வராவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு, "யாருப்பா கண்ணக் கட்டினது?" என்று குரல் கொடுப்பார்கள்.

சிக்கல் அந்தச் சின்னத் திரையில் தொடங்கியது. லாரி வந்து வாசலை ஒட்டி நிற்கும். நெட்டையன் வாளியை இறக்கி இடிபாட்டை முட்டி அள்ளுவான். அப்போது சிவப்பு விளக்கு மினுங்கும். இன்ஜின் குடிக்கிற காற்று அளவுக்கு மீறிச் சூடாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். விளக்கு வந்த கையோடு வண்டி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அள்ளிய வாளி பாதி உயரத்தில் நின்று நடுங்கும். லாரிக்காரன் ஹாரனை அழுத்துவான். கொஞ்ச நேரம் போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், ஒன்றுமே நடக்காததுபோல.

மத்தியானத்துக்கு மேல் அதே வண்டியை அவன் மைத்துனன் ஓட்டுவான். அதே இடிபாடுதான், லாரியும் அதேதான். ஒரு நாள்கூட விளக்கு வந்ததில்லை.

வண்டி மாமனாருடையது. முழங்கால் போனபின் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, வாசலில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். இந்தக் கிடங்கு வேலை முடிந்ததும் அடுத்த வேலை சின்னது, ஒரே ஆள் போதும். மகனா மருமகனா என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "யார் கையில வண்டி முரண்டு பிடிக்காம இருக்கோ, சாவி அவன் கையில." மற்றவன் வேறு எங்காவது கூலிக்குப் போக வேண்டியதுதான். நெட்டையன் கல்யாணத்துக்கு முன்னால் அப்படிப் போனவன். விடிகாலையில் தெருமுனையில் நின்று, வருகிற வேன்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, ஏற்றிக்கொள்ளாமல் போன வேன்களின் பின்விளக்குகளைப் பார்த்து நின்ற காலம் அது. மறுபடியும் அந்த முனைக்குப் போகக்கூடாது.

சர்வீஸ்காரம்மா வெளியே வந்தார். கன்னத்தில் ஒரு கரிக்கோடு.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல. ஃபில்டர் புதுசு. கூலர்ல தூசி அடைக்கல. ஹோஸ் எங்கயும் கழலல, பெல்ட்டும் இறுக்கமா இருக்கு. ஒருவேளை சென்சார் பொய் சொல்லுதான்னு பாத்தேன். அது உங்களவிட ஒழுங்கா பதில் சொல்லுது."

"நான் என்ன பதில் சொல்லல?"

"காலையிலிருந்து எங்க நின்னுச்சு, எப்படி ஓடுச்சுன்னு கேட்டேன். 'வழக்கம்போல'ன்னீங்க. வழக்கம்னா என்னன்னு கேட்டா 'எல்லாரும் ஓட்டுற மாதிரி'ங்கிறீங்க."

காலையில் அவர் வருகிறார் என்று தெரிந்ததும், வண்டியைக் கிடங்கின் உள்ளிருந்து வெளி முற்றத்துக்குக் கொண்டுவந்து, நல்ல வெளிச்சத்தில், நாலு பக்கமும் காற்றோட்டமாக நிறுத்தியிருந்தான். சோதித்துப் பார்க்க வசதி என்று. அங்கே அவர் எவ்வளவு முடுக்கியும் விளக்கு வரவில்லை. அது வராதது அவனுக்கு அவமானமாக இருந்தது.

கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். வாசல்ல இருக்கவருக்குத் தெரிய வேண்டாம்."

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ளே நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டு, நாலாக மடித்து, சாட்சிப்பொருள்போல.

முதல் தடவை விளக்கு வந்த அன்று பின்கதவுச் சல்லடையில் அது ஒட்டிக் கிடந்தது. இன்ஜினின் சூட்டை விசிறி அந்தச் சல்லடை வழியாகத்தான் வெளியே ஊதும். அதையே துணியால் மூடினால் சூடு எங்கே போகும்? துண்டு யாருடையது என்று அவனுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. மைத்துனன் தோளில் தினமும் கிடப்பது. கேட்டிருந்தால் ஒரே பேச்சில் முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. எடுத்து மடித்து வைத்துக்கொண்டான். அதன்பிறகு மைத்துனன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசித்தான். சும்மா இருந்தாலோ, எதற்கு இப்படிச் சும்மா இருக்கிறான் என்று யோசித்தான். வீட்டில் மனைவி, "என் தம்பி உங்களப் பத்தித்தான் பெருமையாப் பேசிட்டிருந்தான்" என்று சொன்னபோது, நடிக்கவும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

சர்வீஸ்காரம்மா துண்டை வாங்கி விரித்தார். முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை வருது."

"அதனால?"

"வண்டியக் கெடுக்க நினைக்கிறவன் துண்டத் துவைச்சிட்டா போடுவான்?"

"அவன் அவ்வளவு கெட்டிக்காரன்னு நினைக்கிறேன்."

அவர் நெட்டையனை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. "இது ஒரு நாள் கதை. மத்த நாளெல்லாம்? தினம் துண்டா போடுறான்?"

"இப்போ வேற ஏதாவது பண்ணுவான். நான்தான் இடம் கொடுக்கிறதில்லயே."

எப்படி இடம் கொடுப்பதில்லை என்று அவர் கேட்டிருப்பார். அதற்குள் வாசல் பக்கம் மாமனாரின் குரலும், கூடவே மைத்துனனின் சிரிப்பும் கேட்டன. அவன் முறை தொடங்கும் நேரம். கையில் டிபன் தூக்கு, கழுத்தில் புதுத் துண்டு, பச்சை நிறம்.

"என்ன அத்தான், டாக்டரம்மா நோய் என்னன்னு சொல்லிட்டாங்களா? வண்டிக்கா, உங்களுக்கா?"

முற்றத்தில் காத்திருந்த கம்பி பிரிக்கும் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சாதாரண நாளாக இருந்தால் நெட்டையனும் சிரித்திருப்பான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவன் காதில் கொதிக்கிற எண்ணெயாக விழுந்தது. சர்வீஸ்காரம்மா கையிலிருந்து துண்டை உருவி மைத்துனன் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இது யாருது மச்சான்?"

"அட, என்னுது. எங்க கிடைச்சுது?"

"நீ எங்க போட்டியோ அங்கதான். இன்ஜின் சல்லடைமேல."

மைத்துனன் ஒரு கணம் யோசித்தான். "ஆமா, மழைல நனைஞ்சு வந்தேன் அன்னிக்கு. அங்க நல்லா சூடா ஊதும், சட்டுனு காஞ்சிரும்னு விரிச்சேன். மறந்துட்டுப் போயிட்டேன். தொலைஞ்சிருச்சுன்னு நினைச்சு அக்காகிட்டச் சொல்லி இதை வாங்கினேன்." கழுத்தில் கிடந்த பச்சைத் துண்டைத் தொட்டுக் காட்டினான். பிறகு அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "இவ்வளவு நாளா நீங்களா வெச்சிருந்தீங்க?"

"காய வெச்சியோ, என்னைக் காய வெச்சியோ, யார் கண்டா? அன்னிலேருந்துதான் என் கையில வண்டி நிக்குது. உன் கையில மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஓடுது. காதுல பூ சுத்தாத."

"அத்தான், நீங்க நிஜமாத்தான் சொல்றீங்களா?"

மாமனார் பெயிண்ட் வாளியிலிருந்து எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்திருந்தார். துண்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"போட்டியாடா?"

"போட்டேன்பா. ஆனா..."

"போட்டியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

மைத்துனன் பாக்கெட்டிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தான். அப்பா கையில் கொடுப்பதா அத்தான் கையில் கொடுப்பதா என்று தெரியாததுபோலக் கொஞ்சம் தயங்கி, லோடரின் படிமேல் வைத்தான். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தான். முற்றத்து வெயில் அவனை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டது.

சாவியை எடுத்து நெட்டையனிடம் நீட்டியவர் மாமனார்தான். "ஓட்டுங்க மாப்பிள்ளை," என்றார்.

சர்வீஸ்காரம்மா தன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அவர் யார் பக்கம் என்று நெட்டையனுக்கு இன்னும் பிடிபடவில்லை. போகிற போக்கில் நின்று சொன்னார். "மறுபடி லைட்டு வந்தா, நின்ன இடத்துலயே நிறுத்தி இறங்கிச் சுத்திப் பாருங்க. நான் வண்டியச் சொல்லல. வண்டியச் சுத்தி."

தன்னைக் கேலி செய்கிறாரோ என்று நெட்டையன் நினைத்தான்.

மத்தியானம் முழுக்க அவனே ஓட்டினான். எந்நேரமும் முதுகில் ஊன்றியிருந்த ஒரு கண் இப்போது இல்லை. கிடங்கின் இருட்டுக்குள் விளக்குகள் இரண்டு மஞ்சள் குகைகளைத் தோண்டின. அவற்றுக்குள் தூசி, ஏதோ தூரத்து ஊரில் பெய்கிற பனிபோல, அவசரமில்லாமல் இறங்கியது. முதல் லாரி நிறைந்து போனது. அடுத்தது வரும்வரை பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். வழக்கம்போல வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மூலையில், பின்கதவு சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்தினான். துண்டு கிடைத்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் நிறுத்துகிறான். பின்கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. இவன் தண்ணீர் குடிக்கப் போனாலும், கொட்டாவி விட்டாலும், யாரும் பின்னால் வந்து எதையும் செருக முடியாது. மைத்துனன் அப்படியில்லை. கூடத்தின் நடுவில் வண்டியை எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டு, இறங்கிப்போய் பெண்களோடு கதை அளந்துகொண்டிருப்பான். சொந்த வண்டி என்ற திமிர் என்று நெட்டையன் அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

அடுத்த லாரி வர நேரமானது. வந்ததும் வாளியை இறக்கி இடிபாட்டில் முட்டினான்.

சிவப்பு விளக்கு மினுங்கியது.

வாளி பாதியில் நடுங்கியது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். நெட்டையன் மனத்தில் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். மைத்துனன் போகும்போது எதையாவது கழற்றிவிட்டுப் போனானா? அவன் வண்டியைத் தொடவே இல்லையே, சாவியைப் படியில் வைத்ததோடு சரி. சர்வீஸ்காரம்மாவா? தலையை உள்ளே விட்டு அவ்வளவு நேரம் என்னதான் செய்தார்? கம்பிப் பெண்களா? சிரித்தவள் யார்? மாமனாரேவா? ஒவ்வொருவரையும் வரச்சொல்லி, விசாரித்து, அனுப்பினான். கடைசியில் வரிசை காலியானது. இருட்டில் மிச்சம் இருந்தது வண்டியும் அவனும்தான்.

லாரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, வண்டியைப் பழக்கத்தில் மூலைக்கே கொண்டுபோய் நிறுத்தினான். பின்கதவைத் திறந்து பார்க்கலாம் என்று இறங்கினான். திறக்க முடியவில்லை, சுவர் தடுத்தது. அவனே செய்து வைத்த ஏற்பாடு. நீண்ட கையை இடுக்கில் விட்டுத் துழாவினான். சட்டென்று இழுத்துக்கொண்டான். மயிர் கருகிய வாசனை வந்ததுபோல இருந்தது. மறுபடி மெதுவாக விட்டான். இடுக்குக்குள் காற்று அனலாக நின்றது. சல்லடையிலிருந்து ஊதிய சூடு சுவரில் மோதி, போக வழியில்லாமல் திரும்பி, வண்டியின் இரு பக்கமும் தடவிக்கொண்டு முன்னால் வந்தது. பக்கத்திலேயே இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற துவாரம். தான் ஊதிய சூட்டையே வண்டி திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. லாரி வருவதற்குள் வயிறு நிறைய அனலைக் குடித்துவிட்டு, பாரம் தூக்கச் சொன்னால் அதுதான் என்ன செய்யும்?

போனின் டார்ச்சை இடுக்கில் அடித்தான். கிடங்கின் சுவரெல்லாம் பழைய பஞ்சுத்தூசி சாம்பல் நிறத்தில் கம்பளியாகப் படிந்திருந்தது. அந்த மூலையில் மட்டும், சல்லடைக்கு நேராக, தூசி பறந்து ஒரு வட்டம் பளிச்சென்று வெளுத்திருந்தது. பல நாள் ஊதி ஊதித் துடைத்த வட்டம். துண்டு கிடந்தது ஒரே ஒரு நாள். மற்ற எல்லா நாளும் அவனேதான்.

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கூடத்தின் நடுவுக்கு எடுத்துவந்தான். திரையில் சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் விட்ட குழந்தையைப்போல அது சமாதானமாக இறங்கியது. சிவப்பு அணைந்தது. லாரியை நிரப்பி அனுப்பினான். வாளி ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

ஹாரன் சத்தம் கேட்டு மாமனார் வாசலில் எழுந்து நின்றிருந்தார். வெளிச்சத்துக்கு எதிரில் அவர் முகம் தெரியவில்லை.

"என்ன மாப்பிள்ளை, லைட்டு வந்துச்சா?"

தெருமுனையும், உயர்த்திய கையும், நிற்காமல் போகும் வேனும் கண்முன் வந்து போயின.

"இல்ல மாமா. லாரிக்காரன் சும்மா அடிக்கிறான்."

"அப்போ அவன்தானா," என்றார் மாமனார். யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பிப்போய்த் தன் பெயிண்ட் வாளியில் உட்கார்ந்தார். உட்கார்வதற்கு அவருக்கு எப்போதையும்விட அதிக நேரம் பிடித்தது.

அதன்பிறகு நெட்டையன் மூலைப் பக்கமே போகவில்லை. ஆனால் விளக்குகள் திரும்பும்போதெல்லாம் அந்த வெள்ளை வட்டம் இருட்டிலிருந்து எழுந்து அவனைப் பார்த்தது. கம்பிப் பெண்கள் அந்தப் பக்கம் பார்க்கிறார்களா என்று கவனித்தான். ஒருத்தி பார்த்ததுபோலத் தெரிந்தது. அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? வேலை முடிந்ததும் ஒரு துடைப்பத்தை எடுத்துச் சுற்றியிருக்கும் தூசியையும் சேர்த்துப் பெருக்கிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தான்.

பொழுது சாயும் முன் பெண்கள் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் இன்ஜினை அணைக்கப்போனபோது, விளக்கின் ஓரத்தில் ஒரு உருவம் வந்து நின்றது. மைத்துனன். கழுத்தில் துண்டு இல்லை.

"என்ன மச்சான்?" என்றான் நெட்டையன், வண்டியிலிருந்து இறங்காமலேயே.

"மாத்துச் சட்டை இங்கதான் மாட்டியிருந்தேன். எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சட்டை தூணில் ஆணியில் தொங்கியது. மைத்துனன் அதை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கண்கள் கூடத்தைச் சுற்றி வந்தன. நடுவில் நிற்கும் வண்டியைப் பார்த்தான். பிறகு மூலையைப் பார்த்தான். அந்தச் சுவரில் அவன் பார்வை எவ்வளவு நேரம் நின்றது என்று நெட்டையனால் கணிக்க முடியவில்லை. தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறானா? சர்வீஸ்காரம்மா வழியில் பார்த்து ஏதாவது சொன்னாரா? சட்டை ஒரு சாக்கா?

"இன்னிக்கு லைட்டு வரலியா?" என்றான் மைத்துனன்.

"வரல."

"அப்போ சரிதான்." சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "நானும் யோசிச்சுப் பாத்தேன் அத்தான். துண்டு போட்டது என் தப்புதான். அதனால ஏதாவது ஆயிருக்கும், எனக்கு அதெல்லாம் தெரியல. எல்லார் முன்னாலயும் நீங்க கேட்டதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. பரவால்ல. சாவிக்காக வரல, அது உங்ககிட்டயே இருக்கட்டும். அக்காவும் நல்லா இருக்கணுமில்ல."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையன் அதை அணைக்கவில்லை.

"உள்ள வரும்போது அப்பாவக் கூப்பிட்டேன்," என்றான் மைத்துனன். "அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். இன்னொரு தடவ கூப்பிட்டேன். காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கார். திருட்டுப் பய மாதிரி நான் அந்த வாசலத் தாண்டிப் போகணும் இப்போ." வண்டியின் பக்கத்தில் வந்து, படிமேல் ஒரு கையை வைத்து, அண்ணாந்து பார்த்தான். "நீங்க சொன்னா அவர் நம்புவார். நான் வேணும்னு பண்ணலன்னு மட்டும், இப்பவே என்கூட வந்து, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க அத்தான்."